மூழ்காத வண்டி: ஸ்னோமொபைல் மலையேறின கதை

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ரெண்டு புரொப்பல்லர் வச்ச அந்தச் சின்ன விமானத்துல போயிருக்கீங்களா? கியூ400னு பேரு. இல்லேன்னா டெல்லி மெட்ரோவுல ஏறியிருக்கீங்களா? அந்த விமானத்தையும், டெல்லி மெட்ரோவோட ரயில்கள்ல பலதையும் தயாரிச்சது ஒரே கம்பெனி. நாம பாம்பார்டியர்னு படிப்போம். பிரெஞ்சுல பொம்பார்டியே.

ஆனா அந்தக் கம்பெனி முதன்முதலா கட்டினது விமானமும் இல்ல, ரயிலும் இல்ல. பனியில ஓடுற ஒரு வண்டி. அது ஏன் பிறந்தது, யாருக்காகப் பிறந்தது, கடைசியில யார் கையில எங்க போய் நிக்குது? இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

முதல்ல, பனின்னா என்ன?

நமக்கு இங்க ஒரு சின்னச் சிக்கல் இருக்கு. மார்கழி மாசம் காலையில புல் மேல இருக்கிறதும் பனி. ஊட்டியில ரோட்டை மறைக்கிறதும் பனி. கனடாவுல வீட்டு வாசலை மூடுறதும் பனி. எல்லாத்துக்கும் ஒரே சொல். இந்தக் கதைக்கு வேண்டியது மூணாவது பனி, அதிலும் புதுசா விழுந்த பனி.

புதுசா விழுந்த பனியில பெரும்பகுதி காற்றுதான். பத்து சென்டிமீட்டர் பனியை உருக்கினா தோராயமா ஒரு சென்டிமீட்டர் தண்ணிதான் கிடைக்கும். அதனால அதுமேல கால் வச்சா முழங்கால் வரைக்கும் இறங்கும், சில இடத்துல இடுப்பு வரைக்கும். குதிரை இறங்கும். கார் சக்கரம் சுத்திச் சுத்தி, தனக்குத் தானே குழி தோண்டிக்கும்.

வடக்கு நாட்டு மக்கள் இதுக்கு ரொம்ப காலத்துக்கு முன்னாடியே ஒரு பதில் கண்டுபிடிச்சுட்டாங்க. எடையைப் பரப்பு. பெரிய வலைப் பின்னல் போட்ட பனிக்காலணி, நீளமான ஸ்கி பலகை, நாய்கள் இழுக்கிற சறுக்கு வண்டி எல்லாமே இந்த ஒரே யோசனையோட வடிவங்கள்தான். இதுல எஞ்சினை எப்படி மாட்டுறதுங்கிறதுதான் இருபதாம் நூற்றாண்டின் கேள்வி.

வால்கூர் கிராமத்துப் பையன்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1907ல் பிறந்தவர் ஜோசப் ஆர்மாண்ட் பொம்பார்டியே. சின்ன வயசிலிருந்தே எதைப் பார்த்தாலும் கழற்றிப் பார்க்கிற ஆள். 1922ம் வருடத்தின் கடைசி நாள், அவருக்குப் பதினஞ்சு வயசு. ஒரு சறுக்கு வண்டியின் பின்னால் பழைய ஃபோர்டு மாடல் டி எஞ்சினைப் பொருத்தி, அதில் மரத்தால் செதுக்கிய ஒரு புரொப்பல்லரை மாட்டி, தம்பியை முன்னால் உட்கார வைத்து, ஊர்த் தெருவில் ஓட்டிக் காட்டினார்.

ஊரே மிரண்டு போச்சு. யோசிச்சுப் பாருங்க, எந்தக் கவசமும் இல்லாம பின்னாடி ஒரு புரொப்பல்லர் முழு வேகத்துல சுத்துது! அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார்: இதைப் பிரிச்சுப் போடு. பையன் பிரிச்சுட்டார். ஆனா யோசனையைப் பிரிக்க முடியல.

அந்த நேரத்துல இதை யோசிச்சவர் அவர் ஒருத்தர் மட்டும் இல்ல. ரஷ்ய ஜார் மன்னரின் கார்களைப் பார்த்துக்கொண்ட பிரெஞ்சுக்காரர் அடால்ஃப் கெக்ரெஸ், கார்களின் பின்சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பட்டையை மாட்டியிருந்தார். அமெரிக்காவின் விஸ்கான்சினில் கார்ல் எலியாசன் 1924ல் ஒரு மரச்சறுக்கு வண்டிக்குச் சின்ன எஞ்சின் பொருத்தினார். அதற்கு 1927ல் காப்புரிமையும் வாங்கினார். ஆக, தேவை எல்லா இடத்திலும் இருந்தது.

பொம்பார்டியே 1926ல் தன் ஊரில் ஒரு கராஜ் திறந்தார். கோடையில் கார் ரிப்பேர். குளிர்காலத்தில் ரோடு மூடிவிடும், கார்கள் ஓடாது, வேலையும் இருக்காது. அந்த மாதங்களில் பனி வண்டிப் பரிசோதனை. இப்படியே எட்டு வருஷம் ஓடியது.

ஐம்பது கிலோமீட்டர்

1934 குளிர்காலம். பொம்பார்டியேவின் இரண்டு வயது மகன் ஈவோனுக்குக் கடுமையான வயிற்று வலி. குடல்வால் அழற்சி, முற்றிப்போன நிலை. உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும். ஆஸ்பத்திரி இருப்பது ஷெர்புரூக் நகரத்தில், சுமார் ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில். ரோடு முழுக்கப் பனி. அவர் செய்து பார்த்துக்கொண்டிருந்த வண்டிகளில் எதுவும் அந்தப் பயணத்துக்குத் தயாராக இல்லை.

குழந்தை இறந்துவிட்டது.

நம்ம ஊர்ல ஐம்பது கிலோமீட்டர்னா சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரைக்கும். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். அந்தத் தூரம் ஒரு உயிரோட விலையா ஆனது அந்தத் தகப்பனுக்கு. ஊர்ல எல்லாருக்கும் வண்டி ரிப்பேர் பண்ணித் தர்ற மனுஷன் அவர்.

அதற்கு அடுத்த வருடமே அவருடைய முக்கியமான கண்டுபிடிப்பு கைக்கு வந்தது. பல்சக்கரமும் ரப்பர் பட்டையும் சேர்ந்த ஒரு அமைப்பு. பல்சக்கரத்துக்கும் ரப்பர் உறை போட்டிருந்தார். வெறும் இரும்பாக இருந்தால் அதில் பனி ஒட்டிக் கட்டியாகி, பட்டை சிக்கிக்கொள்ளும். ரப்பர் வளைந்து கொடுக்கும், பனி உதிர்ந்துவிடும். 1937ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. முன்னால் இரண்டு ஸ்கி, பின்னால் இந்தப் பட்டை, நடுவில் ஏழு பேர் உட்காரும் கூண்டு. பெயர் பி7. சில வருடங்களில் பன்னிரண்டு பேர் உட்காரும் பி12 வந்தது. கப்பலில் இருப்பது மாதிரி வட்ட ஜன்னல்கள் வைத்த வண்டி அது.

யார் வாங்கினார்கள்? டாக்டர்கள், தபால்காரர்கள், பாதிரியார்கள். ஆம்புலன்ஸாக ஓடியது, ஸ்கூல் பஸ்ஸாக ஓடியது. இன்னைக்கு ஸ்னோமொபைல்னா ஹெல்மெட் போட்ட இளைஞன் பனியைப் பீய்ச்சிக்கிட்டுப் பறக்கிறதுதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனா அதோட முன்னோர் ஒரு ஷேர் வேன் மாதிரி. ஊருக்கு வெளியே போக வேறு வழி இல்லாதவங்களோட வண்டி.

ரோடு வந்ததும் வண்டி சிறுத்தது

1948ல் கியூபெக் அரசு குளிர்காலத்திலும் முக்கியச் சாலைகளில் பனியை அகற்ற வேண்டும் என்று முடிவெடுத்தது. மக்களுக்கு நல்ல செய்தி. பொம்பார்டியேவுக்குப் பேரிடி. ரோடு சுத்தமாக இருந்தால் சாதாரண காரே போதுமே, பி12 எதற்கு? விற்பனை சரிந்தது. அவர் காட்டு வேலைக்கும் சதுப்பு நிலத்துக்குமான பட்டை வண்டிகளைக் கட்டிப் பிழைத்தார்.

ஆனால் ஒரு ஆள், அதிகம் போனால் இரண்டு பேர் போகிற சின்னப் பனி வண்டி என்ற பழைய ஆசை அவரை விடவில்லை. அதற்குத் தேவையான லேசான எஞ்சின் அதுவரை சந்தையில் இல்லை. ஐம்பதுகளின் கடைசியில் அது வந்தது. அவருடைய மகன் ஜெர்மேன், ஒட்டு இல்லாமல் ஒரே வளையமாக வார்த்த ரப்பர் பட்டையை உருவாக்கித் தந்தார். 1959ல் மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி வண்டி வெளியே வந்தது. நாய் வண்டிக்கு மாற்று என்பதால் வைக்க நினைத்த பெயர் 'ஸ்கி-டாக்'. அச்சில் ஏற்பட்ட பிழையால் 'ஸ்கி-டூ' ஆனது என்பார்கள். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

முதல் வண்டிகளில் ஒன்றை வட ஒன்டாரியோவில் வேலை செய்த ஒரு மிஷனரி நண்பருக்குத்தான் கொடுத்தார். வேட்டைக்காரர்கள், நில அளவையாளர்கள், வடக்குப் பழங்குடி மக்கள்: இவர்கள்தான் அவர் மனதில் இருந்த வாடிக்கையாளர்கள். முதல் சீசனில் போனது 225 வண்டி. நாலே வருஷத்துல வருடத்துக்கு எட்டாயிரத்தைத் தாண்டியது. வாங்கினவங்கள்ல பெரும்பாலானோர் வேலைக்காக வாங்கல, ஜாலிக்காக வாங்கினாங்க. பொம்பார்டியே 1964ல் புற்றுநோயால் இறந்தார். வயது 56.

அதற்குப் பிறகு வெடித்தது சந்தை. மினசோட்டாவின் ரோசோ ஊரில் ஐம்பதுகளிலேயே வண்டி கட்ட ஆரம்பித்த போலாரிஸ், அதிலிருந்து பிரிந்து வந்த எட்கர் ஹெட்டீன் தொடங்கிய ஆர்க்டிக் கேட், ஜப்பானிலிருந்து யமஹா என்று எழுபதுகளின் தொடக்கத்தில் நூறு கம்பெனிகளுக்கு மேல் ஸ்னோமொபைல் தயாரித்தன. 1968ல் ரால்ஃப் பிளேஸ்டெட் என்ற இன்ஷூரன்ஸ்காரர் தன் குழுவோடு ஸ்கி-டூ ஓட்டியே வட துருவம் போனார். மேலே பறந்த அமெரிக்க விமானப்படை விமானம் அவர்கள் நின்ற இடத்தை உறுதி செய்தது. 1973ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெரும்பாலான கம்பெனிகள் காணாமல் போயின.

ஒரு விஷயத்தையும் இங்க சொல்லணும். இந்த வண்டி போன இடமெல்லாம் நல்லது மட்டும் நடக்கல. பின்லாந்தின் வடக்கே ஸ்கோல்ட் சாமி மக்கள் ரெயின்டீர் மேய்ப்பவர்கள். அறுபதுகளில் ஸ்னோமொபைல் அங்கே வந்தது. பத்து வருடத்துக்குள் மேய்ச்சல் தொழிலே மாறிவிட்டது. வண்டியும் பெட்ரோலும் வாங்க முடிந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். முடியாத குடும்பங்கள் பல மந்தையை விட்டே வெளியேறின. பெர்ட்டி பெல்ட்டோ என்ற மானுடவியலாளர் இதை ஆராய்ந்து 1973ல் ஒரு புத்தகமே எழுதினார். தூரத்தைக் குறைக்கிற கருவி, மனுஷனுக்கு மனுஷன் இருக்கிற இடைவெளியைக் கூட்டவும் செய்யும்.

மலை கூப்பிட்டது

சரி, இப்போ மேற்கே போவோம். கியூபெக்கும் மினசோட்டாவும் பெரும்பாலும் சமவெளி, இல்லேன்னா சின்னக் குன்றுகள். அங்கே இறுகிய பாதையில் ஓட்டுவதற்காகச் செய்த வண்டிகளின் டிராக் பட்டை பெரும்பாலும் 121 அங்குலச் சுற்றளவு, 15 அங்குல அகலம். வயோமிங், ஐடஹோ, பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில் அந்த வண்டியை விட்டால் என்ன ஆகும்? பட்டை பனியைத் தோண்டும், பின்பக்கம் புதையும், மூக்கு வானத்தைப் பார்க்கும். அப்புறம் மண்வெட்டியை எடுக்க வேண்டியதுதான்.

மேற்கு ஊர்க்காரர்கள் கம்பெனிக்காகக் காத்திருக்கவில்லை. வண்டியின் பின்பகுதியை வெட்டி நீட்டி, நீளமான பட்டையைத் தாங்களே மாட்டிக்கொண்டார்கள். வயோமிங்கின் ஜாக்சனில் 1976லிருந்து செங்குத்து மலையில் ஏறும் போட்டியே நடக்கிறது. கம்பெனிகள் பின்னால் வந்து சேர்ந்தன. தொண்ணூறுகளில் ஸ்கி-டூவின் சம்மிட், போலாரிஸின் ஆர்எம்கே, யமஹாவின் மவுன்டன் மேக்ஸ் என்று மலைக்கென்றே தனி மாடல்கள் வந்தன. 136 அங்குலப் பட்டை 151 ஆனது, 163 ஆனது, 174 ஆனது.

இன்னைக்கு ஒருத்தர் மலைக்கு வண்டி வாங்கப் போனா என்ன பார்ப்பார்? இந்த நூறு வருஷக் கதையும் அந்தத் தேர்வுக்குள்ளயே இருக்கு.

முதல்ல பட்டையின் நீளம். 146லிருந்து 155 அங்குலம் வரைன்னா மரங்களுக்கு நடுவே வளைஞ்சு நெளிஞ்சு விளையாட நல்லா இருக்கும். 165, 175 அங்குலம் ஆழமான பனியில மிதக்கும், செங்குத்தா ஏறும், ஆனா திருப்ப உடம்பு பலம் வேணும். ஒரு கணக்கு சொல்றேன். வண்டியும் ஆளும் பெட்ரோலும் சேர்த்து 320 கிலோன்னு வச்சுக்கோங்க. அந்த எடை நீளமான பட்டையில பரவும்போது, நீங்க ஷூ போட்டு நிக்கும்போது தரையில கொடுக்கிற அழுத்தத்துல ஏறக்குறைய கால் பங்குதான் பனி மேல விழும். நீங்க மூழ்குற இடத்துல வண்டி மிதக்குறது இதனாலதான்.

ரெண்டாவது, பட்டை மேல இருக்கிற ரப்பர் துடுப்புகளோட உயரம். பாதை வண்டிக்கு ஒரு அங்குலம் போதும். மலைக்கு இரண்டரை, மூணு அங்குலம். படகுக்குத் துடுப்பு மாதிரி பனியைப் பின்னாடி தள்ளணுமே. ஆனா அதே துடுப்பை இறுகிய பாதையில வேகமா ஓட்டினா தேஞ்சு கிழிஞ்சு போகும்.

மூணாவது, முன்னாடி இருக்கிற ரெண்டு ஸ்கிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி. பாதை வண்டியில 42, 43 அங்குலம் இருக்கும். வளைவுல கவிழக் கூடாது. மலை வண்டியில 36 அங்குலம் அளவுக்குக் குறுக்கிடுவாங்க. ஏன்னா அங்க வண்டியைச் சாய்க்கத்தான் வேணும். சரிவுல குறுக்கே போகும்போது, மேட்டுப் பக்கம் சாய்ந்து, ஹேண்டிலை எதிர்ப்பக்கம் திருப்பி, ஒரு ஸ்கி காத்துல தூக்கின மாதிரி ஓட்டுவாங்க. நம்ம ஊர்ல பைக்கைச் சாய்ச்சு வளைக்கிறதோட அண்ணன் தம்பி மாதிரி.

நாலாவதா எஞ்சின். பழைய கார்பரேட்டர் பைக்ல ஊட்டி ஏறினவங்களுக்கு இது நல்லாவே தெரியும். மேல போகப் போக வண்டி மூச்சு வாங்கும். உயரத்துல காற்று அடர்த்தி குறைவு. ஆயிரம் அடிக்குச் சுமார் மூணு சதவீதம் சக்தி போகும். எட்டாயிரம் அடியில கிட்டத்தட்ட கால் பங்கு போயிடும். முன்னெல்லாம் மலைக்குப் போனா கார்பரேட்டர் ஜெட்டை மாத்துவாங்க. இப்போ கம்ப்யூட்டரே எரிபொருளைச் சரி பண்ணிடும். 2020 மாடல்ல ஸ்கி-டூ கம்பெனியே டர்போ பொருத்தின டூ-ஸ்ட்ரோக் எஞ்சினைக் கொடுத்தது.

இன்னொன்னு, கிளட்ச். உங்க வீட்டு கியர் இல்லாத ஸ்கூட்டர்ல ரப்பர் பெல்ட், அதுக்குள்ள எடைக் குண்டுகள் வச்ச வேரியேட்டர் இருக்குமே, கிட்டத்தட்ட அதே தத்துவம்தான் ஸ்னோமொபைல்லயும். உயரத்துல எஞ்சின் பலவீனம் ஆகிறதால அந்த எடைகளைக் குறைப்பாங்க. அப்போதான் எஞ்சின் தன்னோட முழு சுழற்சி வேகத்தை எட்டும்.

கடைசியா சஸ்பென்ஷன். பின்பக்க சஸ்பென்ஷனின் முன்பகுதியில ஒரு பட்டி இருக்கும். அதை இறுக்கினா ஸ்கி மேல எடை கூடும், ஏத்தத்துல மூக்கு தூக்காது. ரொம்ப இறுக்கினா ஸ்டியரிங் கனமாகி, வண்டியைச் சாய்க்கவே முடியாது. ஓட்டுறவர் எடைக்கு ஏத்த மாதிரி ஸ்பிரிங்கும் மாறணும். அதனாலதான் அனுபவசாலிகள் சொல்றது: நண்பன் வண்டியோட அளவை அப்படியே காப்பி அடிக்காதே.

வண்டியால் போக முடியும், சரி. போகலாமா?

பழைய வண்டிகளுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. ஆபத்தான இடத்துக்குப் போய்ச் சேரும் முன்னாடியே சிக்கி நின்னுடும். நீளப் பட்டையும் டர்போவும் அந்த வேலியை எடுத்துவிட்டன.

பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த மலைமுகத்தில்தான் நடக்கும். யார் எவ்வளவு உயரம் ஏறித் திரும்புகிறார்கள் என்று பந்தயம் கட்டி ஏறுவதும் அதே சரிவில்தான். ஆட்களைப் புதைக்கும் சரிவுகளில் பெரும்பாலானவற்றைத் தூண்டுவது அந்த ஆட்களே, அல்லது கூட வந்தவர்கள்தான்.

2008 டிசம்பர் 28. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஃபெர்னி என்ற ஊருக்கு அருகே பதினோரு பேர் ஸ்னோமொபைலில் போனார்கள். பனி சரிந்து ஏழு பேர் புதைந்தார்கள். பக்கத்தில் இருந்த நான்கு நண்பர்கள் ஓடி வந்து தோண்டினார்கள். தோண்டிக்கொண்டிருக்கும்போதே மறுபடி சரிந்து அவர்களையும் மூடியது. பதினோரு பேரில் மூவர்தான் உயிரோடு வந்தார்கள். எட்டுப் பேரும் ஸ்பார்வுட் என்ற ஒரே சின்ன ஊர்க்காரர்கள். 2010 மார்ச்சில் ரெவல்ஸ்டோக் அருகே ஒரு ஸ்னோமொபைல் கூட்டத்தின் மேல் பனி சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள், சுமார் முப்பது பேருக்குக் காயம்.

அதனால இன்னைக்கு மலைக்குப் போறவங்க வண்டியைத் தயார் பண்ற பட்டியல்ல எஞ்சினுக்கு முன்னாடி வேற மூணு பொருள் வருது. சிக்னல் அனுப்பற டிரான்ஸ்சீவர், பனியில குத்தித் தேடுற நீளக் கம்பி, மண்வெட்டி. டிரான்ஸ்சீவரை உடம்புல கட்டணும், வண்டியில வைக்கக் கூடாது. வண்டி ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம் போயிடுவீங்க. சரிவுல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் ஏறணும். மேல ஒருத்தர் சிக்கிட்டா இன்னொருத்தர் வண்டியோட உதவிக்கு ஏறக் கூடாது. கேட்க கொடுமையா இருக்கும், ஆனா ஒரு புதைகுழி ரெண்டா ஆகாம இருக்க அதுதான் வழி. காலையில கிளம்பும் முன்னாடி அவலாஞ்ச் கனடா வெளியிடுற அன்றைய பனிச்சரிவு அறிக்கையைப் படிக்கணும்.

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? புதைந்தவரை முதல் பத்து, பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள வெளியே எடுத்தா பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. அதுக்கப்புறம் வாய்ப்பு மடமடன்னு சரியும். மீட்புக்குழு ஊரிலிருந்து வந்து சேர அதைவிட ரொம்ப நேரம் ஆகும். கூட வந்த நண்பர்தான் உங்க ஆம்புலன்ஸ்.

இங்கதான் எனக்கு மறுபடி வால்கூர் ஞாபகம் வருது. 1934ல் ஒரு குழந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே பனி இருந்தது. அதைக் கடக்கத்தான் இந்த வண்டி பிறந்தது. இன்று அதே வண்டியின் பேரப்பிள்ளைகள், உதவி சீக்கிரம் வந்து சேர முடியாத இடத்துக்கு மனிதர்களை விருப்பத்தோடு கொண்டுபோய் விடுகின்றன. வண்டி மேல தப்பு சொல்ல முடியாது. அது பனியில மூழ்காது, அவ்வளவுதான். எந்தப் பனி மேல ஏறலாம்ங்கிறதை அது ஒருநாளும் சொல்லாது.

வால்கூரில் பொம்பார்டியே பெயரில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அவர் 1926ல் திறந்த அந்தக் கராஜை அப்படியே வைத்திருக்கிறார்கள். கியூபெக் பக்கம் போற வாய்ப்பு கிடைச்சா எட்டிப் பாருங்க. வேகத்துக்காகப் பிறந்த வண்டி இல்ல இதுன்னு அங்க நின்னா புரியும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். பத்திரமா இருங்க.